ஸனது பெற்ற பின்னும் கல்வி





மதரஸாக்களில் ஆண்டுதோறும் ஸனது வழங்கும் விழா நடைபெறுகிறது. ஆண்டுக்கணக்கில் ஓதி முடித்த மாணவருக்குத் தலைப்பாகை அணிவித்து, ஸனதைக் கையில் கொடுக்கிறோம். பெற்றோர் கண் கலங்குகின்றனர். அந்த மேடையிலேயே உஸ்தாதுமார்கள் மாணவர்களுக்கு ஓர் அறிவுரை சொல்வதுண்டு: இந்த ஸனது கிதாபை மூடி வைப்பதற்கான அனுமதி அன்று, உஸ்தாதின் துணையின்றித் தனியே அதைத் திறந்து பார்ப்பதற்கான அனுமதி. மார்க்கக் கல்வியில் இக்கருத்தை ஒருவரும் மறுப்பதில்லை. ஓதுவதை நிறுத்திவிட்ட ஆலிமிடம் மஸ்அலா கேட்க மக்கள் தயங்குகின்றனர். ஆனால் மருத்துவர் என்று வந்துவிட்டால், பெயர்ப்பலகையில் பட்டம் எழுதப்பட்ட நாளோடு அவருடைய கல்வி முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம்.

இவ்வாண்டு நம் மஹல்லாவில் இரண்டு கேள்விகள் எழுந்தன. இரண்டும் இதய மருத்துவத்தைப் பற்றியவை. முதற்கேள்வி நம் வீட்டிலேயே எழுந்தது: பழைய மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைப் புதிய மருத்துவர் நிறுத்தச் சொன்னால், இருவரில் எவரை நம்புவது? இரண்டாம் கேள்வி, சிறுவயதில் நம் மக்தபில் ஓதிய ஒரு பெண்பிள்ளையின் வாப்பாவிடமிருந்து வந்தது: டாக்டர் பட்டம் வாங்கிவிட்ட பிள்ளை இன்னும் எதற்காகப் படிக்க வேண்டும்?

நாம் மருத்துவர் அல்லர். மருந்து சொல்ல இதை எழுதவில்லை. கல்வி, அனுமதி, ஆய்வு ஆகிய மூன்றும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்பதை, கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவர் என்ற முறையில் எழுதுகிறோம். மேற்கண்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது.

அறியப்பட்டவரிடம் செல்லுதல்

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். அவருடைய மார்பின்மீது கையை வைத்தார்கள். அவருக்கு இதயத்தில் நோய் என்று கூறி, ஸகீஃப் கோத்திரத்தைச் சேர்ந்த ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறும், அவர் மருத்துவம் செய்பவர் என்றும் சொன்னார்கள். அஜ்வா பேரீச்சம்பழம் பற்றிய குறிப்பும் உள்ள இந்த அறிவிப்பு அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடரைக் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எனினும் இதிலிருந்து நம் முன்னோர் எடுத்துக்கொண்ட பாடம் தெளிவானது. ஹாரிஸ் இஸ்லாத்தை ஏற்றாரா என்பதிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. அவரிடம் அனுப்பியதற்குக் காரணம் அவருடைய குலமோ உறவோ அன்று. அவர் அந்தக் கலையை அறிந்தவர் என்று அறியப்பட்டிருந்தார் என்பதே.

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத நிலையில் ஒருவர் மருத்துவம் செய்தால், அதனால் விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் மற்றோர் அறிவிப்பும் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் உள்ளது. ஃபிக்ஹு நூல்களில் மருத்துவரின் பொறுப்பு பற்றிய பாடம் இதன்மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது.

இந்த அடிப்படை அரசாங்க நடைமுறையாகவும் வந்தது. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931-இல், பக்தாத் நகரில் மருத்துவர் ஒருவரின் தவறால் ஒருவர் இறந்துபோன செய்தி கலீஃபா முக்ததிரை எட்டியது. தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் சோதித்து அனுமதி தராத எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று அவர் ஆணையிட்டார். அவ்வாறு சோதிக்கப்பட்டவர்கள் 860-க்கும் மேற்பட்டோர் என்று மருத்துவ வரலாறு எழுதிய அரபு ஆசிரியர்கள் குறித்துள்ளனர். எந்தெந்த நோய்க்கு மருத்துவம் செய்யலாம் என்பதும் அவரவர் தகுதிக்கேற்ப வரையறுக்கப்பட்டது.

அதே குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. புகழ் பெற்றிருந்த மருத்துவர்களும் அரசரின் பணியில் இருந்தவர்களும் அந்தச் சோதனையிலிருந்து விலக்கப்பட்டனர். சாதாரணமானவருக்குத் தேர்வு, புகழ் பெற்றவருக்குத் தேர்வில்லை. இன்றும் நம் மனம் அப்படித்தான் இயங்குகிறது. பெரிய மருத்துவர் என்று ஊர் சொல்லிவிட்டால் அவரிடம் கேள்வி கேட்பதைப் பாவமாகக் கருதுகிறோம். ஆனால் மருத்துவம் வளர்ந்ததோ, பெரியவர்களின் சொல்லையும் சோதித்துப் பார்த்தவர்களால்.

ஃபிக்ஹு ஆசிரியர் ஒருவரின் இதய ஆய்வு

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென், இதயத்தின் வலது கீழறையிலிருந்து இடது கீழறைக்கு இரத்தம் நேராகக் கசிந்து செல்கிறது என்றும், இரண்டுக்கும் இடையேயுள்ள சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன என்றும் எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அதை ஏற்றது. இப்னு ஸீனாவின் கானூன் என்ற பெருநூலும் அந்த மரபையே தழுவி நின்றது.

1213-ஆம் ஆண்டளவில் திமிஷ்க் பகுதியில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1288-இல் மறைந்த இப்னு நஃபீஸ் (ரஹ்), கானூனின் உடற்கூறுப் பகுதிக்கு விரிவுரை எழுதினார். இதயத்தின் நடுச்சுவர் கெட்டியானது, அதில் துளை இல்லை என்று அதில் உறுதிபடக் கூறினார். வலது கீழறையின் இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, பின்னரே இதயத்தின் இடப்பக்கத்தை அடைகிறது என்று எழுதினார். இன்று பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படிக்கும் நுரையீரல் இரத்த ஓட்டம் இதுவே.

நம் போன்ற மதரஸா ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றுண்டு. இப்னு நஃபீஸ் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு அறிஞரும் ஆவார். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் நடத்தியவர். ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்று வரிசையில் அவர் பெயரும் இடம்பெறுகிறது. ஒரு கிதாபுக்கு ஷரஹு எழுதும்போது மூல ஆசிரியரை மதிப்பதும், அவர் கூற்றைச் சான்றோடு மறுப்பதும் ஒருசேர இயலும் என்பது மதரஸாவில் பயின்றவருக்குப் புதிதன்று. அதே ஒழுங்கை அவர் இதயத்தின் பாடத்திலும் கையாண்டார்.

ஆனால் அவருடைய கண்டுபிடிப்புக்கு உலகம் தந்த அங்கீகாரம் மிகவும் தாமதமானது. இரத்த ஓட்டத்தை முழுமையாக விளக்கிய பெருமை, 1628-இல் நூல் வெளியிட்ட இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வேயைச் சாரும். நுரையீரல் வழியை முதலில் எழுதியவர்கள் ஐரோப்பியரே என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. 1924-ஆம் ஆண்டில் முஹ்யித்தீன் அத்தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர், ஜெர்மனியில் தம் பட்ட ஆய்வுக்காகப் பெர்லின் நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்தபோதுதான் இப்னு நஃபீஸின் கூற்று மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. எழுதியவர் மறைந்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அந்த உண்மை மீண்டதும் ஒரு மருத்துவ மாணவரின் படிப்பினால்தான்.

அங்கீகாரம் தாமதமான இன்னொருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். நுரையீரலுக்குச் செல்லும் இரத்தம் பிறவிக் குறையால் தடைப்பட்டு, உதடும் நகமும் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. 1944 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அத்தகைய குழந்தை ஒன்றுக்கு ஆல்ஃபிரட் பிளேலாக் அறுவை சிகிச்சை செய்தார். கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்து, இப்னு நஃபீஸ் சொன்ன அதே பாதையில் இரத்தத்தைக் கூடுதலாகச் செலுத்துவதே அந்தச் சிகிச்சை. குழந்தைகள் இதய மருத்துவர் ஹெலன் டாஸிக் அதற்கான எண்ணத்தை முன்வைத்தார். ஆய்வுக்கூடத்தில் அந்த முறையை விலங்குகளில் செய்து பழகித் தேர்ந்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். அவரிடம் மருத்துவப் பட்டம் இல்லை. அறுவை நடந்தபோது அவர் மருத்துவரின் பின்னே நின்று வழி சொன்னார். மறு ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் ஆசிரியராக இடம்பெறவில்லை. 1976-இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

பட்டம் வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பட்டமில்லாதவரிடம் நோயாளியை ஒப்படைப்பதை மார்க்கமும் சட்டமும் தடுக்கின்றன. பட்டம் என்பது அறிவின் வாசல். அறிவின் அளவுகோல் அன்று என்பதே இதன் பொருள். வாசலைக் கடந்த பின் ஒருவர் என்ன செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாப்பாவின் மாத்திரை

இனி நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். நம் வாப்பாவுக்கு வயது 74. இரத்த அழுத்தத்துக்காகப் பல ஆண்டுகளாக ஒரு மூத்த மருத்துவரிடம் பார்த்து வந்தார்கள். மாரடைப்பு வராமலிருக்க அந்த மருத்துவர் அன்றாடம் சிறிய அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தார். வாப்பா ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. அந்த மருத்துவர் ஓய்வு பெற்றுவிட, இளம் இதய மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். வாப்பாவுக்கு இரத்தம் குறைந்திருப்பதையும், மலம் கறுத்துப் போவதையும் அவர் கேட்டறிந்தார். இதற்கு முன் மாரடைப்பு வந்ததா, ஸ்டென்ட் வைக்கப்பட்டதா, பக்கவாதம் உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எதுவும் இல்லை என்று அறிந்ததும் ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னார்.

வாப்பா ஒப்பவில்லை. "இத்தனை வருஷமா என் உயிரைக் காப்பாத்துன மாத்திரை. இந்தப் புள்ள யாரு அதை நிறுத்தச் சொல்ல?" என்றார்கள். துபாயிலிருந்து தம்பி தொலைபேசியில், பழைய மருத்துவர்தான் பெரியவர், அவர் சொல்லே நிலைக்கட்டும் என்றார். உம்மா அழுதார்கள். வீடு இரண்டாகப் பிரிந்தது. வாப்பாவுக்கோ இரத்தம் குறைந்துகொண்டிருந்தது.

வாப்பாவுக்கு விளங்கும் மொழியில் நாம் ஒன்றைக் கேட்டோம். "வாப்பா, நம்ம இமாம் ஷாஃபிஈ அவங்களுக்கு கவ்லு கதீம், கவ்லு ஜதீதுன்னு ரெண்டு சொல் இருக்குல்ல?" வாப்பா தலையசைத்தார்கள். இராக்கில் இருந்தபோது இமாமவர்கள் சொன்ன கருத்துகள் பழைய சொல். எகிப்துக்குச் சென்று, ஹிஜ்ரி 204-இல் வஃபாத்தாகும் வரை மறு ஆய்வு செய்து உரைத்தவை புதிய சொல். சில மஸ்அலாக்கள் நீங்கலாக மத்ஹபில் ஃபத்வா புதிய சொல்லின்மீதே அமைந்திருக்கிறது. இமாம் தம் கருத்தை மாற்றிக்கொண்டதால் அவர்களின் தகுதி குறைந்ததாக எவரும் சொல்வதில்லை. சான்று மாறியபோது கருத்தை மாற்றியது அவர்களின் அமானிதம் என்றே கற்பிக்கிறோம்.

ஆஸ்பிரின் விஷயத்திலும் சான்று மாறியிருந்தது. 2018-ஆம் ஆண்டில் மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. அவற்றுள் ஆஸ்ப்ரீ என்பது ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும், இதய நோய் இல்லாத முதியவர்கள் 19,114 பேரிடம் நடத்தப்பட்டது. ஆஸ்பிரின் உட்கொண்டவர்களுக்கு இதய நோய் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. கடுமையான இரத்தக்கசிவோ கூடியது. அஸெண்ட் என்ற மற்றோர் ஆய்வு நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்தது. அதில் மாரடைப்பு முதலிய கடும் நிகழ்வுகள் 9.6 விழுக்காட்டிலிருந்து 8.5 விழுக்காடாகக் குறைந்தன. பெரிய இரத்தக்கசிவு 3.2 விழுக்காட்டிலிருந்து 4.1 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு கையால் பெற்றதை மறு கையால் இழந்தது போலாயிற்று. 2019-இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் தம் வழிகாட்டுதலைத் திருத்தின. எழுபது வயதைக் கடந்த, இதய நோய் இல்லாதவர்களுக்கு, வருமுன் காக்கும் நோக்கில் ஆஸ்பிரினை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றன.

வாப்பாவின் மனம் இதனாலும் முழுமையாக அமைதியடையவில்லை. ஆகவே ஓய்வு பெற்ற அந்த மூத்த மருத்துவரையே தொலைபேசியில் அழைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "பாய், அந்த டாக்டர் சொல்றதுதான் சரி. நான் எழுதினப்போ அதுதான் வழக்கம். இப்ப ஆராய்ச்சி வேற சொல்லுது. உங்களுக்கு இரத்தம் வேற கசியுது. நிறுத்திடுங்க" என்றார். வாப்பா அன்றே மாத்திரையை ஒதுக்கி வைத்தார்கள். வயிற்றுப் புண்ணுக்கு மருத்துவம் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், இரத்த அளவு ஏறியது. ஓய்வு பெற்ற பின்னும் புதிய ஆய்வுகளைப் படித்து வந்த அந்தப் பெரியவர்மீது வாப்பாவுக்கு இருந்த மதிப்பு, அவர் தம் சொல்லை மாற்றிக்கொண்ட நாளில் இன்னும் உயர்ந்தது.

இதைப் படிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் ஆஸ்பிரின் இன்றும் முக்கியமான மருந்து. அத்தகையவர்கள் தாமாக அதை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இது ஒரு வீட்டின் செய்தி. உங்கள் வீட்டுக்கான ஃபத்வா அன்று. உங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

நல்லெண்ணம் மட்டும் போதாது

மருத்துவர்கள் ஏன் ஓயாமல் ஆய்வு செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் காஸ்ட் என்ற ஆய்வின் வரலாறு போதுமான விடையாகும். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இதயத் துடிப்பில் இடையிடையே தவறான துடிப்புகள் தோன்றுவதுண்டு. அவை தோன்றுபவர்கள் விரைவில் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்திருந்தது. அத்துடிப்புகளை அடக்கும் மருந்துகளும் இருந்தன. அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று எண்ணுவது இயல்பே. என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு என்ற மருந்துகள் கொடுக்கப்பட்டன. ஈ.சி.ஜி. தாளில் தவறான துடிப்புகள் மறைந்தன. மருத்துவரும் மகிழ்ந்தார், நோயாளியும் மகிழ்ந்தார்.

பிறகு முறையாகச் சோதித்தார்கள். 755 பேருக்கு மருந்தும், 743 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். சராசரியாகப் பத்து மாதங்களில், மருந்து உண்டவர்களில் 63 பேரும், வெறும் மாத்திரை உண்டவர்களில் 26 பேரும் இறந்திருந்தனர். அந்தச் சிகிச்சை உடனே நிறுத்தப்பட்டது. 1991-இல் முழு விவரமும் வெளியாயிற்று. தாளில் கோடுகள் சீராயின, மனிதர்களோ இறந்தனர். மருந்து எழுதிய மருத்துவர்கள் எவருக்கும் தீய எண்ணம் இருந்ததில்லை. முறையான ஆய்வு இல்லாதிருந்தால் நல்லெண்ணத்தோடு இன்னும் பலருக்கு அதையே எழுதியிருப்பார்கள்.

ஆகவே தொடர்கல்வி என்பது மருத்துவருக்கு அலங்காரம் அன்று; நோயாளியின் உரிமை. நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுங்கு விதிகள், ஒவ்வொரு மருத்துவரும் ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்வுகளில் பங்குபெற வேண்டும் என்கின்றன. கணக்கிட்டால் ஆண்டுக்கு ஆறு மணி நேரம்தான். உண்மையான கல்வி இந்த எல்லைக்கு வெளியேதான் நடக்கிறது: இரவில் படிக்கும் ஆய்விதழில், சக மருத்துவரோடு நடக்கும் விவாதத்தில், தம் நோயாளிகளின் விளைவுகளைத் தாமே கணக்கெடுத்துப் பார்ப்பதில். மருத்துவர் ஒரு வாரம் மாநாட்டுக்குச் சென்றுவிட்டார் என்று அலுத்துக்கொள்ளும் நாம், அவர் அங்கிருந்து எதைக் கற்று வந்தார் என்று ஒருமுறை கேட்டால் என்ன?

ஒரு பிள்ளையின் மூன்றாண்டுகள்

இரண்டாம் கேள்விக்கு வருவோம். நம் மக்தபில் ஓதிய அந்தப் பிள்ளை எம்.பி.பி.எஸ். முடித்து, பொது மருத்துவத்தில் எம்.டி.யும் முடித்துவிட்டாள். இதய மருத்துவத்தில் டி.எம். படிக்க வெளிமாநிலத்தில் இடம் கிடைத்தது. சேர வேண்டிய கடைசி நாளுக்கு நான்கு நாட்கள் இருந்தபோது அவளுடைய வாப்பா நம்மிடம் வந்தார். "ஹஜரத், பிள்ளைக்கு இருபத்தெட்டு வயசாச்சு. மாப்பிள்ளை வீட்டுல பேசி முடிச்சாச்சு. டாக்டர்னு பேரும் வந்திடுச்சு. இன்னும் மூணு வருஷம் எதுக்கு?" என்றார்.

அவருடைய கவலை நியாயமானது. இதய மருத்துவர் ஆவதற்கான பாதை நீண்டது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள், எம்.டி. மூன்று ஆண்டுகள், டி.எம். மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு கட்டத்துக்கும் நுழைவுத் தேர்வு. இடையில் ஓராண்டும் வீணாகாவிட்டாலும் பதினொன்றரை ஆண்டுகள் ஆகிவிடும். மகளின் நிக்காஹ்வைப் பற்றிக் கவலைப்படாத வாப்பா எவர்?

அவரிடம் நம் பெரியும்மாவின் வஃபாத்தைப் பற்றிச் சொன்னோம். முதுகில் வலி, மூச்சிரைப்பு, குமட்டல் என்று அவர்கள் இரண்டு இரவுகள் துன்பப்பட்டார்கள். நெஞ்சில் வலி இல்லாததால் வாயு என்றே எல்லாரும் எண்ணினர். ஈ.சி.ஜி. எடுக்க ஆடவர் முன் மார்பைத் திறக்க நேருமே என்ற கூச்சத்தில், மருத்துவமனை வேண்டாம் என்று அவர்களே மறுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் மாரடைப்பு என்று தெரிந்தது, காலம் கடந்திருந்தது. பெண்களுக்கு மாரடைப்பு இப்படி மாறிய அறிகுறிகளோடும் வரலாம் என்பதை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நம் கடலோர ஊர்களில் இதை அறிந்து, பெண்களின் கூச்சத்தையும் அறிந்து, அவர்கள் மனம் விட்டுப் பேசக்கூடிய பெண் இதய மருத்துவர் எத்தனை பேர் இருக்கின்றனர்?

மருத்துவம் கற்பதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஃபர்ளு கிஃபாயா என்று எழுதியுள்ளார்கள். சமுதாயத்தில் போதுமானவர்கள் அதைச் செய்யாவிட்டால் குற்றம் எல்லாரையும் சேரும். ஒரு பிள்ளை நம் அனைவருடைய கடமையையும் சுமக்க முன்வரும்போது, வயதாகிவிட்டது என்று மட்டும் சொல்லித் தடுப்பது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டோம்.

மருத்துவர் பத்மாவதியைப் பற்றியும் சொன்னோம். 1917-இல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் பயின்றவர். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது குடும்பத்துப் பெண்களோடு நம் கோயம்புத்தூரில் வந்து தஞ்சம் புகுந்தார். போர் முடிந்த பின் இங்கிலாந்து சென்று மேற்படிப்பு முடித்தார். அமெரிக்காவில், மேலே குறிப்பிட்ட ஹெலன் டாஸிக்கிடமும் பயின்றார். நாடு திரும்பும்போது வயது முப்பதைக் கடந்திருந்தது. தில்லியில் இதய மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பி, நாட்டின் முதல் பெண் இதய மருத்துவர் என்று பெயர் பெற்றார். வாதக் காய்ச்சலால் பழுதடையும் இதயங்களை ஆராய்ந்தார். 1967-இல் பத்ம பூஷணும் 1992-இல் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன. விருதுகள் வந்ததால் அவர் படிப்பையும் பணியையும் நிறுத்திவிடவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்தும் நோயாளிகளைப் பார்த்தார். 2020-இல், 103-ஆம் வயதில் மறைந்தார்.

நம் நாட்டினரைப் பற்றிய ஆய்வை நம் நாட்டினரே செய்ய வேண்டிய தேவையும் இருக்கிறது. 52 நாடுகளில் நடத்தப்பட்ட இண்டர்ஹார்ட் என்ற ஆய்வு, தென்னாசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதளவில் வருவதையும், பிற நாட்டினருக்கு 59 வயதளவில் வருவதையும் காட்டியது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதில் நம்மவர்கள் விழுகின்றனர். காரணம் தேடுபவர்களும் தீர்வு காண்பவர்களும் நம் வீடுகளிலிருந்து வரவேண்டாமா?

அந்த வாப்பா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டாரிடம் மூன்றாண்டுப் படிப்பைப் பற்றி ஒளிவின்றிச் சொன்னார். அவர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று விலகிக்கொண்டனர். பிள்ளையின் உம்மாவுக்கு அது பெரும் துயரம், இன்னும் ஆறவில்லை. அதை இங்கே மறைக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் வாப்பா தாமே மகளோடு இரயிலேறிச் சென்று, கல்லூரியில் சேர்த்து, விடுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மகளின் படிப்பை அறிந்து ஏற்கும் மாப்பிள்ளையை அல்லாஹ் தருவான் என்று அவர் சொல்கிறார். நாமும் ஆமீன் சொல்கிறோம்.

ஜமாஅத்தும் குடும்பங்களும் செய்யத்தக்கவை

பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் பெற்றவரை, எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். அதன்பின் பத்தாண்டுகள் அவர்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. மேற்படிப்பிலும் ஆய்விலும் இருப்பவர்களையும் ஜமாஅத்தின் கல்வி உதவிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஊரில் பணிபுரியும் மருத்துவர்களை ஆண்டுக்கொருமுறை அழைத்து, இவ்வாண்டு இதய மருத்துவத்தில் மாறியது என்ன என்று மக்களுக்கு விளக்கச் செய்யலாம். பெண்களுக்குப் பெண் மருத்துவரைக் கொண்டு தனி அமர்வு வைக்கலாம்.

குடும்பங்கள் மருத்துவரிடம் மூன்று கேள்விகளை மரியாதையோடு கேட்கலாம். இந்த மருந்து எதற்காக? இது எனக்கு இன்னும் தேவைதானா? இதனால் வரக்கூடிய கேடு என்ன? தொடர்ந்து கற்கும் மருத்துவர் இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் வரும் பெயரற்ற மருத்துவக் குறிப்பை நம்பி எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். ஸனது இல்லாதவர் சொல்லும் மஸ்அலாவை ஏற்காத நாம், ஸனதே இல்லாத மருத்துவச் செய்தியை ஏற்பது முறையன்று.

பட்டத்தைப் பார்த்துச் செல்லுங்கள், அது கடமை. பட்டத்துக்குப் பின்னும் கற்கிறாரா என்பதையும் பாருங்கள், அது அறிவுடைமை. மருத்துவர் தம் பழைய சொல்லைச் சான்றோடு மாற்றினால் அவரை ஐயுறாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களுக்காகக் கண்விழித்துக் கற்பவர்களின் கல்வியில் பரக்கத் செய்வாயாக. எங்கள் பிள்ளைகளைப் பயனுள்ள கல்வியின் பாதையில் நிலைத்திருக்கச் செய்வாயாக. ஆமீன்.